வன்னி வீடுகளிற் சூரிய மின்சாரமும் சிக்கனமும்

வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் கமஞ்செய்வோருக்கு வெயிலின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நெல்லைக் காயவைப்பதும், மிளகாயை வற்றவைப்பதும், கரையோரத்திற் கருவாட்டைப் பதப்படுத்துவதும் அவ்வெயிலே. அண்மைக் காலத்தில் அதே வெயிலை மின்சாரமாக மாற்றும் பலகைகள் கடைத்தெருவெங்கும் விற்பனைக்கு வந்துள்ளன. விற்பனையாளர் படலைவரை வந்து விலை பேசுகின்றனர். இதனால், கமக்காரர் எம்மைக் காணும்போது உரப்பசளையைப் பற்றிக் கேட்பதற்கு அடுத்தபடியாக, "எத்தனை வாற்றுப் பலகை வாங்கலாம், ஐயா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

இக்கேள்விக்கு விடை கூறுமுன் வேறொரு கேள்விக்கு விடை காணுதல் வேண்டும். உங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் தேவை? அதில் எவ்வளவு வீணே போகின்றது? இவற்றை அறியாமற் பலகை வாங்குதல், எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானியாமல் விதைநெல் வாங்குவதை ஒக்கும்.

குளத்தைப் போன்றதே இதுவும்

சூரிய மின்னமைப்பை விளங்கிக்கொள்ள வன்னி மக்களுக்குக் கடினமான பாடம் எதுவும் வேண்டாம். குளத்தை அறிந்தவர் இதனையும் அறிவர். கூரைமேல் இருக்கும் பலகை, மழைநீரைத் திரட்டித்தரும் நீரேந்து நிலம் போன்றது. பற்றரி குளம். பலகைக்கும் பற்றரிக்கும் இடையே பூட்டப்படும் கட்டுப்படுத்தி கலிங்கு போன்றது. பற்றரி நிரம்பியதும் மேலதிகமாய் வருவதை அது தடுத்துவிடும். வீட்டு ஆளிகள் துரிசுகள். இரணைமடுவாயினும் சிறு கிராமக் குளமாயினும், காலபோகத்திற் சேர்ந்த நீரின் அளவைப் பார்த்தே சிறுபோகத்திற் பயிரிடும் ஏக்கரைக் கூட்டத்திலே தீர்மானிக்கிறோம். நீர் போதாதபோது குளக்கட்டை உயர்த்துவதற்கு முன் வாய்க்காலில் ஒழுக்கு உண்டோ என்று பார்க்கிறோம். வீட்டு மின்சாரத்திலும் அவ்வொழுங்கே சரியானது. ஒழுக்கை அடைத்தபின் எஞ்சும் தேவைக்கே பலகை வாங்க வேண்டும்.

சிக்கனம் என்பது இந்நிலத்துக்குப் புதியதன்று. 1990ஆம் ஆண்டு தொடங்கி 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் வரை இப்பகுதியிற் பெரும்பாகத்துக்கு மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி முதலியன தடைசெய்யப்பட்டோ அளவு குறைக்கப்பட்டோ இருந்தன. மின்கம்பிகள் இருந்த இடங்களிலும் மின்சாரம் இல்லை. அக்காலத்தில் ஜாம் போத்தலின் அடியிற் சிறிது பஞ்சையிட்டு, அளவாக எண்ணெய் வார்த்து, மெல்லிய திரியேற்றி எரித்த "சிக்கன விளக்கை" அறியாத குடும்பம் இங்கே இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டதும் அக்காலத்திலேதான். ஒருவர் சுழற்ற ஊரே கேட்கும். சுழற்றியவரின் தோள் நோவு, ஒரு வாற்று மின்சாரத்தின் பெறுமதி என்ன என்பதை எந்தப் பாடநூலிலும் பார்க்கத் தெளிவாய் உணர்த்திற்று. இன்று பகலிலே ஆளில்லாத அறையில் விசிறி சுழல்வதைக் காணும்போது, அதே வீட்டுப் பெரியவர்கள் இதனை எவ்வாறு பொறுத்திருக்கிறார்கள் என்று வியப்புத் தோன்றுகின்றது.

முதலிற் கூரை

வெப்பநாட்டு வீட்டில் மின்சாரத்தை அதிகம் விழுங்கும் கருவிகளுக்கு வேலை கொடுப்பது கூரையே. எமது பகுதி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 9 பாகையில் உள்ளது. ஆதலாற் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும், மீண்டும் ஆவணி நடுப்பகுதியிலும் நண்பகற் சூரியன் எமது உச்சிக்கு நேரே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் உச்சியிலிருந்து வடக்கே சற்றுச் சரியும். எஞ்சிய மாதங்களிலே தெற்கே சரியும். எப்படியாயினும் வெயிலின் பெரும்பங்கு சுவரில் விழாமற் கூரையிலே விழுகின்றது. சுவர்களிற் கிழக்குச் சுவரும் மேற்குச் சுவருமே அதிகம் சுடுகின்றன. வடக்கும் தெற்கும் இரண்டடித் தாழ்வாரத்தினாற் காக்கப்படும்.

2009ஆம் ஆண்டு போர் முடிந்து மீளக்குடியேறியபோது பெரும்பாலான குடும்பங்கள் தகரக் கொட்டில்களில் இருந்தன. பின்னர் இந்திய அரசாங்கத்தின் உதவியுடன் 2012ஆம் ஆண்டில் விரிவாகத் தொடங்கிய வீடமைப்புத் திட்டத்தினாலும், வேறு திட்டங்களினாலும் ஓட்டினாலோ தகட்டினாலோ வேய்ந்த கல்வீடுகள் எழுந்தன. 2016ஆம் ஆண்டில் வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு 65,000 உருக்கு வீடுகள் கொண்டுவர யோசிக்கப்பட்டபோது, இவ்வெப்பத்துக்கு அவை உகந்தனவல்ல என்பது எதிர்ப்புக்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. அத்திட்டம் கைவிடப்பட்டது, நன்றே நிகழ்ந்தது என்பது எமது எண்ணம். எனினும் கல்வீடு கட்டிய பலர், மண்சுவரும் கிடுகுக் கூரையுமாய் இருந்த பழைய வீட்டின் குளிர்ச்சியை இழந்துவிட்டனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. கிடுகு தன்னுள் காற்றை அடக்கி வைத்திருப்பதனால் வெப்பத்தைக் கீழே விடாது. தகரமோ நண்பகலிலே 60 பாகை சதமளவுக்கு மேல் சூடேறி, அச்சூட்டை நேரே உறங்குபவரின் உடல்மீது இறக்கும். அதன் கீழே விசிறி பூட்டினால் அது சுடுகாற்றையே சுழற்றும்.

ஆதலின் முதற்செலவு கூரைக்கே ஆகட்டும். தகரக் கூரையாயின், கூரைக்கென விற்கப்படும் வெண்ணிறப் பூச்சை இரு தடவை பூசலாம். ஓட்டுக்கும் சீமெந்துத் தட்டுக்கும் சுண்ணாம்பே போதும். ஆனாற் காலபோக மழையில் அது கழுவுண்டு போகும். ஆதலால், தை, மாசியில் மழை விட்டபின் ஆண்டுதோறும் புதிதாய்ப் பூச வேண்டும். கூரைநீரைத் தொட்டியிற் சேர்ப்போர் பூச்சின் பின் வரும் முதல் மழைநீரை வெளியே விட்டுவிடுக. துருப்பிடித்த தகரம் தன்மேல் விழும் வெயிலிற் பெரும்பங்கை உறிஞ்சுகிறது; புது வெண்பூச்சோ பெரும்பங்கைத் திருப்பியனுப்புகின்றது. இந்தியாவில் அகமதாபாத் நகரம் 2013ஆம் ஆண்டில் வகுத்த வெப்பத் தடுப்புத் திட்டத்தின் வழியே குடிசைகளின் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் வேலை பரவியது. தெலங்கானா மாநிலம் 2023ஆம் ஆண்டிற் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. எமக்கு அரசாணை எதற்கு? ஒரு வாளி பூச்சும் ஒரு தும்புத்தூரிகையும் போதும்.

பூச்சுக்கும் பணமில்லாதோர் தகரத்தின்மேற் கிடுகைப் பரப்பிக் கட்டுவது இப்பகுதியில் உள்ள பழக்கமே. அது மிகவும் நல்லது. ஆனால் அடுப்படிக்கு மேலாக அவ்வாறு செய்யலாகாது. மின்கம்பிகள் கிடுகோடு உராயும்படியும் விடலாகாது. சோளகக்காற்று வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசுவதால், புதிதாய் வீடு கட்டுவோர் அத்திசையில் யன்னலும் அதற்கெதிரே வெளியேறும் வழியும் அமைத்தால், அம்மாதங்களிலே மாலைக்குப் பின் விசிறியின் தேவை பெரிதும் குறையும். மேற்குப் புறத்தே ஒரு வேம்பை வளர்த்தால் பிற்பகல் வெயில் சுவரை அணுகாது.

கணக்கும் கருவியும்

கூரையைக் கவனித்தபின் கருவிகளைக் கணக்கெடுக்க வேண்டும். ஒவ்வொரு கருவியிலும் அது இழுக்கும் வாற்று எழுதப்பட்டிருக்கும். அதனை ஒரு நாளைக்குப் பாவிக்கும் மணித்தியாலத்தாற் பெருக்குக. வரும் தொகை 1000 ஆனால் அது ஓர் அலகு.

ஒரு வீட்டில் 60 வாற்றுப் பழைய மின்குமிழ்கள் நான்கு, மாலையில் 5 மணித்தியாலம் எரிகின்றன எனக் கொள்வோம். அது 1200. சாதாரண 75 வாற்று விசிறிகள் இரண்டு, இரவில் 8 மணித்தியாலம் சுழல்கின்றன, அதுவும் 1200. பழைய குழாய்த் தொலைக்காட்சி 90 வாற்று, 3 மணித்தியாலத்துக்கு 270. ஆக மொத்தம் 2670, அஃதாவது 2.7 அலகு. இனி அதே வீட்டில் 8 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழ் நான்கைப் பூட்டினால் 160. பி.எல்.டி.சி. என்று கடைக்காரர் சொல்லும் 30 வாற்று விசிறி இரண்டுக்கு 480. புதிய 40 வாற்றுத் தொலைக்காட்சிக்கு 120. மொத்தம் 760. வெளிச்சமும் காற்றும் படமும் ஒன்றே. செலவு மூன்றிலொரு பங்குக்கும் குறைவு.

இதன் பலனைப் பலகையிலே பாருங்கள். எமது பகுதியில் 1000 வாற்றுப் பலகை சராசரியாக நாளொன்றுக்கு 4 அலகு தரும். மாசி, பங்குனியில் அதற்கு மேலும் வரும். கார்த்திகை, மார்கழி அடைமழையிற் பாதிக்கும் கீழே இறங்கும். பற்றரியிலும் மாற்றியிலும் கம்பியிலும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இழக்கப்படும். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் முதல் வீட்டுக்கு 1000 வாற்றுப் பலகையும், 12 வோல்ற்று 150 அம்பியர்மணி ஈயப் பற்றரி மூன்றும் வேண்டும். இரண்டாம் வீட்டுக்கு 300 முதல் 400 வாற்று வரையிலான பலகையும் அவ்வகைப் பற்றரி ஒன்றும் போதும். விசிறியையும் குமிழையும் மாற்றும் செலவை, இரண்டு பற்றரியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் எவரும் முதல் வழியை நாடார்.

தமிழ்நாட்டு அரசாங்கம் 2011ஆம் ஆண்டிலே தொடங்கிய பசுமை வீட்டுத் திட்டத்தில், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் சூரிய சத்தியில் எரியும் ஐந்து சிறு விளக்குகளே கொடுக்கப்பட்டன. இலங்கையிலும் 1997ஆம் ஆண்டிலிருந்து உலக வங்கியின் கடனுதவியுடன் மின்கம்பி எட்டாத கிராமங்களில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சிறு சூரிய அமைப்புகள் சென்றன. போரின் காரணமாக அந்நன்மை வன்னிக்கு உரிய அளவிற் கிட்டவில்லை. அவ்வமைப்புகளும் பெரியவையல்ல, சில விளக்கும் ஒரு வானொலியும் ஒரு சிறு தொலைக்காட்சியும் இயக்குவதற்கே அவை கணக்கிடப்பட்டன. சிறிதாய்க் கணக்கிட்டு அளவோடு பாவிப்பது ஏழ்மையின் அடையாளமன்று.

குளிர்சாதனப் பெட்டி உள்ள வீடுகளில் அதுவே பெருந்தீனிக்காரன்; இருபத்துநான்கு மணித்தியாலமும் உண்ணும். அதனை அடுப்படிச் சுவரோடு ஒட்டி வையாது, பின்புறத்தே ஒரு சாண் இடைவெளி விடுக. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் இறப்பர் விளிம்பை மாற்ற வேண்டும். சூடான கறியை ஆறவிட்டே உள்ளே வைக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளும் அறிந்திருப்பர்; செய்வோர் சிலரே. உடுப்பு அழுத்தும் பெட்டி 1000 வாற்று இழுக்கும். அதனை நாளும் காலையிற் பத்து நிமிடம் பாவிப்பதை விட்டு, வாரம் ஒருமுறை, பலகை நன்றாய் வழங்கும் நண்பகலிலே பாவிப்பது நன்று.

மின்கம்பி இணைப்புள்ள வீடுகளுக்கும் இக்கணக்குப் பொருந்தும். மாதப் பட்டியல் 60 அலகைத் தாண்டினால், தாண்டிய அலகுக்கு மட்டுமன்றி முந்திய அலகுகளுக்கும் கூடிய விலை விழும். நிலையான கட்டணமும் உயரும். நாளைக்கு 2 அலகுக்குள் நின்றால் 60 அலகைத் தாண்டமாட்டீர்கள். 62, 65 என்று பட்டியல் வருகின்ற வீடுகளிற் பலகை வாங்குவதற்கு முன் இரண்டு குமிழை மாற்றிப் பார்க்கலாம்.

பலகையை வைக்கும் முறை

பலகை தெற்கு நோக்கி 10 பாகை அளவிற் சரிந்திருத்தல் உத்தமம். ஆறடி நீளத்துக்கு ஓரடி உயர்வு என்றால் அச்சரிவு கிடைக்கும். மட்டமாக வைத்தால் மழைநீர் தேங்கித் தூசி படியும். கிழக்கு, மேற்குப் பக்கமாய்ச் சரிந்த ஓட்டுக்கூரையில் வைப்பதாலும் பெருநட்டமில்லை. வடக்கே சரிந்த கூரை மட்டும் மார்கழி, தை மாதங்களிற் குறையவே வழங்கும்.

வெயில் கூடக்கூட மின்சாரம் கூடும் என்பது உண்மை. ஆனாற் சூடு கூடக்கூட மின்சாரம் குறையும் என்பதைப் பலர் அறியார். பலகையின் சூடு 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகை ஏறும்போதும் அதன் வலு ஏறக்குறைய நூற்றுக்கு 0.4 வீதம் குறைகின்றது. தகரத்தோடு ஒட்டி வைத்த பலகை 60 பாகைக்குச் சூடேறினால் ஏழிலொரு பங்கு வீணாகும். ஆதலின் கூரைக்கும் பலகைக்கும் இடையே அரை அடி வெளி விட்டுக் காற்றோடச் செய்ய வேண்டும். அவ்வாறு செய்யின் பலகையே கூரைக்கு நிழலாகி, கீழுள்ள அறையையும் குளிரவைக்கும். வெண்பூச்சுப் பூசிய கூரைமேல் இடைவெளி விட்டு வைத்த பலகையைவிட இரட்டைப் பயன் வேறெதிலும் இல்லை.

ஒரு தென்னோலையின் நிழல் ஒரு பலகையின் ஒரு மூலையில் விழுந்தாலும், அதனோடு தொடராக இணைந்த பலகைகள் யாவும் குன்றும். வாய்க்காலின் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைமடை முழுவதும் காய்வது போலவே இது. எனவே காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை நிழல் விழாத இடத்தைப் பார்த்தறிய வேண்டும். முற்றத்து மாவைத் தறிப்பதிலும் பலகையை இடம்மாற்றுவது மேல். அஸ்பெஸ்ரோஸ் தகட்டுக் கூரையிலே துளையிடுதல் நன்றன்று. அத்தூசி நுரையீரலுக்குத் தீங்கு. தவிர்க்கவியலாதாயின் தகட்டை நனைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு துளையிட வேண்டும். முற்றத்தில் நான்கு கால் நட்டுப் பலகை வைப்பது அதனிலும் நலம். அதன் கீழே இரண்டு ஆடுகளும் கட்டலாம். கம்பிகளைக் குழாயினுள்ளே செலுத்துக. குரங்குக்குத் தொங்கும் கம்பியைக் காண்பது விளையாட்டு.

பற்றரியைப் பேணல்

இவ்வமைப்பில் முதலிற் சாவது பற்றரியே. பலகை இருபது, இருபத்தைந்து ஆண்டு வரை நிற்கும்; கவனிப்பாரற்ற ஈயப் பற்றரி இரண்டாண்டில் முடிந்துவிடும். மோட்டார் வண்டியின் பற்றரியை வீட்டுக்குப் பாவியாதீர்கள். அது சில விநாடிகளிற் பெருமின்னோட்டம் கொடுப்பதற்கென்றே செய்யப்பட்டது. இரவு முழுவதும் சிறுகச்சிறுக வழங்க அதனால் ஆகாது. ஈயப் பற்றரியை அதன் கொள்ளளவிற் பாதிக்குக் கீழே இறக்கலாகாது. குளத்தை வற்றவிட்டால் மீனும் அழியும் அல்லவா. லித்தியம் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரியை எண்பது வீதம் வரை இறக்கலாம். விலை கூடுதலாயினும் பல மடங்கு காலம் உழைக்கும். சேர்த்து வைத்த பணம் உள்ளோர் அதனையே வாங்குக.

வெப்பம் பற்றரிக்குப் பகை. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை உயர்வும் ஈயப் பற்றரியின் ஆயுளை ஏறக்குறையப் பாதியாக்கும். தகரக் கூரையின் கீழே, மேற்குச் சுவரோரத்திலே வைத்துவிட்டுக் கடைக்காரரை நோவதிற் பயனில்லை. வடக்குப் புறத்து நிழலில், காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகளின் கை எட்டாதபடி மரப்பலகைமேல் வைக்க வேண்டும். அதிலிருந்து எழும் வாயு தீப்பற்றக் கூடியது. ஆதலால் அடுப்புக்கும் சுவாமி விளக்குக்கும் அருகில் வையற்க. வடித்த நீரையே ஊற்ற வேண்டும். எமது கிணற்றுநீர் சுண்ணாம்பு மிகுந்தது, அது தகடுகளைக் கெடுத்துவிடும்.

மாற்றியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இன்வேற்றர் என்னும் அம்மாற்றி வேலையின்றி நிற்கும்போதும் 10 முதல் 20 வாற்று வரை உண்ணும். நாள் முழுவதும் விட்டுவைத்தால் 240 முதல் 480 வரை அதுவே தின்றுவிடும். சிறு அமைப்புள்ள வீட்டார் 12 வோல்ற்றிலே நேரே எரியும் குமிழ்களைப் பூட்டிக்கொண்டு, தொலைக்காட்சி வேளையில் மட்டும் மாற்றியை இயக்குவது நன்று.

விளங்காமல் ஏமாறும் இடம்

சூரிய அமைப்பு இருவகைப்படும். பற்றரியோடு தனியே நிற்பது ஒன்று. பற்றரியின்றிப் பொதுமின்கம்பியோடு இணைந்து, பகலில் மிஞ்சுவதைக் கம்பிக்கு விற்பது மற்றையது. பின்னையதைப் பரப்புவதற்காக அரசாங்கம் 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் "சூரிய பல சங்கிராமய" என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. கொடுக்கும் அலகுக்கு முதல் ஏழாண்டு 22 ரூபாவும், அடுத்த பதின்மூன்றாண்டு 15 ரூபா 50 சதமும் என அப்போது விலை வகுக்கப்பட்டது. பின்னர் விலைகள் மாறின. ஒப்பந்தம் எழுதும் நாளில் உள்ள விலையைப் பகுதி மின்னலுவலகத்திலே கேட்டறிதல் வேண்டும்.

கம்பியோடு இணைந்த இவ்வகைக்குப் பொதுமின்சாரம் நின்றால் வெயில் கொளுத்தினாலும் வீட்டில் மின்சாரம் வராது. கம்பியிலே வேலை செய்யும் தொழிலாளரின் உயிரைக் காப்பதற்காக, கம்பியில் மின்சாரம் அற்றவுடன் மாற்றி தானே நின்றுவிடும்படி செய்யப்பட்டுள்ளது. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு ஏற்பட்டபோது, பல இலட்சம் செலவழித்துக் கூரையை நிறைத்த குடும்பங்கள் அயலவரைப் போலவே இருளில் இருந்தன. வாங்கும்போது இதனை எவரும் அவர்களுக்கு விளக்கவில்லை. இருளுக்கு அஞ்சி வாங்குவோர் பற்றரியோடு கூடியதையே வாங்க வேண்டும். பட்டியலைக் குறைக்க வாங்குவோருக்கு மற்றையது பொருந்தும். இரண்டையும் செய்யும் கலப்பு வகையும் உண்டு. எதற்காக வாங்குகிறீர்கள் என்பதை விற்பனையாளர் வருமுன்னரே வீட்டில் கூடிப் பேசித் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

பகலில் மிஞ்சுவது இன்று நாட்டுக்கே ஒரு சிக்கலாகியுள்ளது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்னிலையத்திலே ஒரு குரங்கு பட்டதனால் தீவு முழுவதும் மின்சாரம் அற்றது. தொழிற்சாலைகள் ஓய்ந்த விடுமுறைப் பகலிற் கேள்வி குறைந்தும் சூரிய மின்சாரம் மிகுந்தும் இருந்தமையால் அமைப்பு அதிர்ச்சியைத் தாங்கவில்லை எனப்பட்டது. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே கூரை அமைப்புகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை வேண்டுகோள் விடுத்தது. மழை மிகுந்த ஆண்டிற் கலிங்கு பாய்வது போன்றதே இதுவும். நீர் மிகையன்று, தேக்க இடமில்லை. ஆகவே நண்பகலிற் செய்யக்கூடிய வேலையை நண்பகலிலேயே செய்துவிடுவது வீட்டுக்கும் நாட்டுக்கும் நன்மை. நீரிறைத்தல், உடுப்பழுத்தல், மாவரைத்தல் யாவும் அவ்வேளைக்கு உரியன.

தோட்டக் கிணறு

2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. மண்ணெண்ணெய்ப் பம்பியில் வெங்காயமும் மிளகாயும் கச்சானும் செய்த சிறு தோட்டக்காரருக்கு விழுந்த அடியை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு கணக்கு மட்டும் காட்டுவோம். 25 அடி ஆழத்திலிருந்து 10,000 லீற்றர் நீரை மேலே தூக்க, இயற்கை விதிப்படி தேவைப்படும் சத்தி 0.2 அலகே. பம்பியிலும் மோட்டரிலும் போகும் இழப்பைச் சேர்த்தாலும் அரை அலகு போதும். ஒரு லீற்றர் மண்ணெண்ணெயிலே அடங்கியுள்ள வெப்பசத்தியோ ஏறக்குறைய 10 அலகு. பழைய சிறு இயந்திரத்தில் அதிற் பத்திலொரு பங்குகூட நீராய் ஏறுவதில்லை. எஞ்சியது புகையும் இரைச்சலுமாகும். சூரியப் பம்பிக்குப் பற்றரியும் வேண்டாம். பகலில் இறைத்து உயரத் தொட்டியிலே சேர்த்தால் தொட்டியே பற்றரி. அதிலிருந்து சொட்டுநீர்க் குழாயில் விட்டால் சிறு பம்பியும் பெருந்தோட்டத்தைக் காக்கும்.

ஆயினும் செலவின்றி வரும் நீரை அளவின்றி இறைக்கத் தோன்றும். முல்லைத்தீவு, பூநகரிக் கரையோரங்களில் நன்னீருக்குக் கீழே உவர்நீர் உள்ளது. மிகையாய் இறைத்தால் அது மேலேறிக் கிணற்றைப் பல ஆண்டுக்குக் கெடுத்துவிடும். கிணறு மாலையில் வற்றி மறுநாட் காலையில் நிரம்பாதாயிற் பம்பியின் வேலை நேரத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

உயிர்ச்சேதம் விளைக்கும் பிழைகள்

யானை வேலியின் மூலம் சூரியப் பலகையை முதன்முதற் கண்டவர்கள் எமது எல்லைக் கிராமத்தவரே. அவ்வேலியில் உள்ள கருவி, கணப்பொழுது மட்டும் நீடிக்கும் துடிப்புகளாய் மின்சாரத்தை விடுவதனால் யானையும் ஆளும் அதிர்ந்து விலகுவர், இறப்பதில்லை. வீட்டு மின்கம்பியிலிருந்தோ, மாற்றியிலிருந்தோ நேரே வேலிக்குக் கம்பி இழுத்தல் கொலைக்குச் சமம். பன்றிக்கு இழுத்த கம்பியிற் பக்கத்து வளவுப் பிள்ளை மாண்ட துயரம் இம்மாவட்டங்களுக்குப் புதிதன்று. அது சட்டப்படியும் குற்றம்.

வெயில் உள்ளவரை பலகையை அணைக்க முடியாது. ஆதலின் கம்பியைக் கழற்றும் வேலையைப் பழகிய மின்தொழிலாளரிடமே விடுக. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மிகுதி. பலகைச் சட்டத்தைப் புவியோடு இணைப்பது கட்டாயம். எமது மண் ஆனி, ஆடியிலே பாளமாய் வெடித்துக் காய்வதால் மேலோட்டமாய் நட்ட கம்பி பயன்படாது. ஈரம் உள்ள ஆழத்துக்கு இறக்கி, குளியலறை நீர் பாயும் இடத்தருகே நடுவது நன்று.

பணம் கட்டும் முறை

வாரக்கடன் கொடுக்கும் நிறுவனங்களிடம் கடன்பட்டுப் பலகை வாங்குவதை நாம் வன்மையாய் மறுக்கிறோம். போரின் பின் வந்த நுண்கடன் எமது பெண்களை எவ்விடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது என்பதை யாவரும் அறிவர். 2018ஆம் ஆண்டில், வறட்சியுற்ற மாவட்டங்களிற் பெண்கள் பட்ட சிறு கடன்களைத் தீர்க்க அரசாங்கமே முன்வர வேண்டியதாயிற்று. பலகை மாதந்தோறும் மிச்சப்படுத்தும் தொகை சிறிது. வாரந்தோறும் கேட்கும் வட்டி பெரிது. முதற் போகத்து விளைச்சலிற் குமிழும் விசிறியும் கூரைப்பூச்சும். அடுத்த போகத்திற் சிறு பலகையும் ஒரு பற்றரியும். பின்னர் வசதிக்கேற்ப விரித்தல். இவ்வொழுங்கிற் சென்றவர் எவரும் பலகைக்காகத் தாலிக்கொடியை அடகு வைத்ததாய் நாம் அறியோம்.

வாங்கும்போது பலகைக்கும் மாற்றிக்கும் பற்றரிக்கும் தனித்தனியே உத்தரவாதச் சீட்டுப் பெற்று, அதில் தொடரிலக்கம் எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பழுது பார்ப்பவர் எங்கிருந்து வருவார் என்றும் கேளுங்கள். கொழும்பிலிருந்து வருவார் என்றால் வேறு கடைக்குச் செல்லலாம்.

பருவத்து வேலைகள்

சோளகம் வீசும் மாதங்களில் வயற்புழுதி பலகையிற் படியும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை விடியற்காலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது மென்றுணியாற் கழுவுக. நண்பகலிற் சுட்ட கண்ணாடிமேல் நீர் ஊற்றினால் வெடித்தல் கூடும். கிணற்றுநீரிற் கழுவியபின் துடைத்துவிடாவிட்டால் வெண்படலம் படியும். புரட்டாதி முடியுமுன் பலகையின் ஆணிகளை இறுக்கி, கம்பிக் குழாயின் வாயைக் குளவி கட்டாதபடி அடைத்து, பற்றரி முனைகளில் ஏறிய பச்சைக் களிம்பைச் சுரண்டிச் சிறிது வசிலின் பூசிவைக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மூட்டமாயிருந்தாற் தொலைக்காட்சியை நிறுத்தி, விளக்கை மட்டும் ஏற்றுக. மழைக்குளிரில் விசிறிக்கு வேலை இராது.